பட்டாசு பேசிய படம்

"இன்னும் கொஞ்சம் உள்ள போனா அந்த டிவி உன் தலைமேலதான் விழும்," என்றாள் அண்ணி.

நாத்தனார் பட்டாசு கேட்டால்தானே. மேசைக்கும் சுவருக்கும் நடுவே பாதி உடம்பை நுழைத்து, ஒரு வயரைக் கையிலும் இன்னொன்றை வாயிலும் பிடித்துக்கொண்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். வெளியே தெரிந்தது இரண்டு கால்களும், டிரைவிங் ஸ்கூலின் பெயர் அச்சடித்த நீலச் சட்டையின் பின்பக்கமும்தான். காலையில் டாக்டர் வந்து அவள் அண்ணனின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கோ நாளைக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்டு அவளுக்குக் கைகால் ஓடாமல் போயிருக்கும் என்று யாராவது நினைத்தால் ஏமாந்துபோவார்கள். காலையிலிருந்து அவளுக்குக் கையும் காலும் ஓடிக்கொண்டேதான் இருந்தன.

"இப்ப பாரு! வருதா?"

"வருது அத்தை, வருது!" என்று கத்தினாள் அண்ணன் மகள். "படம் பேரு வந்துடுச்சு!"

பட்டாசு தலையை வெளியே இழுத்தாள். முடியெல்லாம் ஒட்டடை. அதைத் தட்டிவிடக்கூட இல்லை, முட்டிபோட்டபடியே கட்டில் பக்கம் திரும்பி, "அண்ணே, வந்துடுச்சு பாத்தியா! ஒரு வருஷமாக் காத்திருந்தோமே, வந்தே வந்துடுச்சு!" என்றாள்.

கூடத்து நடுவில் போட்டிருந்த கட்டிலில், மூன்று தலையணைகளில் சாய்ந்து கிடந்த அண்ணன், போர்வைக்கு மேல் வைத்திருந்த கையில் கட்டை விரலை மட்டும் உயர்த்தினான். அவனால் முடிந்தது அவ்வளவுதான். லிப்ட் மெக்கானிக்காக ஊரிலுள்ள உயரமான கட்டடங்களையெல்லாம் ஏறி இறங்கியவன். தொண்டையில் வந்த நோய் முதலில் குரலை வாங்கிக்கொண்டது. இப்போது மிச்சத்துக்கு வந்து நின்றது. ஆனால் கண் மட்டும் அப்படியே இருந்தது. திரையில் பச்சை மலை ஒன்றின்மேல் ஜப்பானிய எழுத்துகள் மெல்லத் தோன்றி மறைந்தபோது அந்தக் கண்ணில் ஒரு பிள்ளைத்தனமான அவசரம் வந்ததைப் பட்டாசு பார்த்தாள். அவளுக்கும் அதே அவசரம்தான்.

"அத்தை, கீழே எழுத்து போடவா? இங்கிலீஷ்ல இருக்கு."

அண்ணனின் சுட்டுவிரல் இடமும் வலமும் ஆடியது. வேண்டாம்.

"உங்கப்பாகிட்ட போய் இதைக் கேக்குறியே," என்றாள் பட்டாசு. "எழுத்தும் வேணாம் ஒண்ணும் வேணாம். சத்தத்தைக் குறை. நான் பேசுறேன்."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. நான் பேசுறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, இதுவரை ஒரு வரி பேசியிருக்கிறாளா? அவள் என்றைக்கும் கேட்கிற ஆள். பேசுகிற ஆள் கட்டிலில் கிடந்தான்.

இது அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே இருந்த பைத்தியம். அவர்கள் சிறுவயதில் அப்பா அம்மா இருவருக்கும் சாயங்கால ஷிப்ட். அம்மா வேண்டுமென்று தங்கை வீடு அதிர அழுவாள். பட்டாசு என்று பெயர் வந்ததே அப்போதுதான். ஒரு நாள் அண்ணன் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பெட்டி நிறைய வீடியோ கேசட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். போட்டுப் பார்த்தால் எல்லாம் ஜப்பான்காரர்கள் வரைந்த படங்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. தங்கை மறுபடி அழுவதற்கு வாயைத் திறந்தாள். அவன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரையில் வாய் அசைகிறவர்களுக்கெல்லாம் தானே தமிழில் பேச ஆரம்பித்தான். பெண்ணுக்கு ஒரு குரல், பூனைக்கு ஒரு குரல், காற்றுக்குக்கூட ஒரு குரல். கதையை அவனே அவ்வப்போது கட்டினான். திறந்த வாயைத் தங்கை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கேசட் போய் சிடி தட்டு வந்தது, தட்டு போய் இப்போது எல்லாம் நெட்டிலேயே வருகிறது. அவளுக்குக் கல்யாணம் ஆனது, அது சரிப்படாமல் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். வந்த அன்றைக்கு அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு படத்தைப் போட்டு, பேச ஆரம்பித்தான். அந்தப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அண்ணி பலமுறை கேட்டிருக்கிறாள். யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள், யாரோ மழைக்கு ஒதுங்குகிறார்கள், யாரும் யாரையும் கொல்வதில்லை. ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை என்பது பட்டாசின் பதில். அண்ணி மட்டும் எழுந்து போய்விடுவாள். "அது அண்ணன் தங்கச்சி உலகம். எனக்கு அங்க என்ன வேலை?"

அண்ணன் மகள் கல்லூரிக்குப் போன புதிதில் எழுத்தோடு ஒரு பழைய படத்தைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவைச் சண்டைக்கு இழுத்தது இன்னும் வீட்டில் பேசப்படுகிற விஷயம். "அந்தத் தொப்பிக்காரரைத் திருடன்னு சொன்னீங்களேப்பா! அவர் அந்தப் பொண்ணோட ஹெட்மாஸ்டராம்!"

"அப்படியா?" என்று அவன் யோசித்துவிட்டுச் சொன்னான், "பாவம், இத்தனை வருஷமா அவருக்கே தெரியாது."

முன்கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுவது அவனைப் பொறுத்தவரை காப்பியடிப்பது. முதல்முறை பார்க்கும்போதே பேசவேண்டும். வாய் திறந்தால் பேச்சு, மூடினால் நிறுத்து. பேச்சே இல்லாத காட்சி வந்தால் யாரும் மூச்சு விடக்கூடாது. யாராவது மோசமாகப் பேசினால் அவன் கண்ணை மூடிக்கொள்வான். மகள் ஒருமுறை முயன்றுபார்த்தபோது அப்படித்தான் மூடிக்கொண்டான். அதோடு அவள் விட்டுவிட்டாள்.

பட்டாசுக்கு இப்போது பயமெல்லாம் அதுதான். இந்த ஒரு படத்தை முழுசாகப் பேசி அவனுக்குக் காட்டிவிட வேண்டும். அவன் பார்க்கவேண்டும், கடைசிவரை பார்க்கவேண்டும். நடுவில் கண்ணை மூடிவிடக் கூடாது. தன்னால் மூடிவிட்டான் என்று இருக்கவே கூடாது.

படம் தொடங்கியது. ஒரு சிறுமி தனியாக ஒரு வீட்டில் கண்விழித்தாள். அடுப்பை மூட்டினாள். வாயகன்ற ஒரு ஜாடியின் மூடியை இறுக்கித் துணியால் கட்டினாள். மஞ்சள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

பட்டாசு தொண்டையைச் செருமினாள். "அ... அம்மா! நான்... நான் போயிட்டு வரேன்!"

திரையில் சிறுமியின் வாய் மூடி வெகுநேரம் ஆகியிருந்தது. அண்ணனின் இமை லேசாகத் தாழ்ந்தது.

"ஐயோ, இருண்ணே, இரு! மூடாதே! சூடு ஏறட்டும். புது வண்டி," என்று பதறினாள் அவள்.

சிறுமி கதவைப் பூட்டிவிட்டு ஓடினாள். பட்டாசின் வலது கால் தரையில் தானாக அழுந்தியது. தினமும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்குட்டிகளுக்காக பிரேக் போட்டுப் பழகிய கால். ஓட்டம் நின்றதும் சிறுமி ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய் திறந்தாள். இந்த முறை பட்டாசு பிந்தவில்லை.

"ஆடாம வா, ஆடாம வா. நீ கொட்டிட்டா அம்மாவுக்கு மருந்து இல்ல. ஆஸ்பத்திரிக்கு மூணு மலை தாண்டணும். எனக்கு மட்டும் கால் வலிக்காதா? சும்மா உள்ள உக்காந்துட்டு வர்றே, பேசாம வா!"

அண்ணனின் இமை உயர்ந்தது. கட்டை விரலும் உயர்ந்தது.

அவ்வளவுதான், பட்டாசைப் பிடிக்க முடியவில்லை. பாலத்துக்குப் பேசினாள், வழியில் நின்ற ஆட்டுக்குப் பேசினாள், மருந்தின் அருமை பெருமைகளை ஆட்டுக்கு விளக்கினாள். மலைச் சரிவில் சிறுமி உட்கார்ந்து, துணியை அவிழ்த்து, மூடியைத் திறந்தாள். உள்ளிருந்து கொட்டாவி விட்டபடி ஒரு சின்ன மேகம் எட்டிப் பார்த்தது.

கூடமே ஸ்தம்பித்துவிட்டது.

"போச்சு," என்றாள் அண்ணன் மகள். "அத்தை, மருந்துன்னு சொன்னீங்களே!"

மேகம் சிறுமியைப் பார்த்தது. சிறுமி மேகத்தைப் பார்த்தாள். இருவரில் யார் வாயைத் திறந்தாலும் பட்டாசு மாட்டிக்கொள்வாள். பேசியதைத் திரும்பப் பெறுவது கிடையாது. அண்ணன் ஒருபோதும் செய்ததில்லை. மேகம்தான் வாயைத் திறந்தது.

"யாரு... யாரு மூடியைத் தொறந்தது?" என்றாள் பட்டாசு, தூக்கக் கலக்கமான குரலில். "ஆஸ்பத்திரி வந்துடுச்சா?"

"அடச்சே! மருந்துக்கு முழிப்பு வந்துடுச்சே!" என்றாள் சிறுமியாக.

அண்ணனின் தோள் குலுங்கியது. வாயிலிருந்து சத்தமில்லை, ஆனால் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது, கண்ணோரம் நீர் கோத்தது. அவன் சிரிக்கிறான்! அண்ணி சமையலறையிலிருந்து ஓடி வந்து, "என்ன ஆச்சு, என்ன பண்ணுது?" என்று அவன் நெஞ்சைத் தடவினாள். அவன் தலையாட்டித் திரையைக் காட்டினான். அண்ணி திரையைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் நேரங்காலமே கிடையாது," என்றாள். ஆனால் திரும்பிப் போகவில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு அவன் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மாடிவீட்டு வாத்தியார் வந்தார். கணக்கு டியூஷன் எடுப்பவர். சாகக் கிடக்கிறவரைப் பார்க்க வரும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டுமோ அப்படி வைத்துக்கொண்டு, கையில் பழப்பையோடு வாசலில் நின்றார். உள்ளே கேட்ட கும்மாளத்தில் முகம் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது.

"உள்ள வாங்க சார், சீக்கிரம்!" என்றாள் பட்டாசு. திரையில் ஒரு சின்ன ரயில் நிலையம் வந்திருந்தது. நடைமேடையில் தொப்பி போட்ட, பெருத்த, மீசையுள்ள ஒரு பிராணி நின்றது. "எனக்கு ஆம்பளைக் குரல் வேணும். அதுக்கு நீங்க பேசுங்க."

"நானா? என்னம்மா அது, கரடியா?"

"பெருச்சாளி," என்றாள் அண்ணன் மகள்.

"கரடிதான்," என்றாள் அண்ணி, யாரும் கேட்காமலே.

"எதுவா இருந்தா என்ன, ஸ்டேஷன் மாஸ்டர் சார் அது! வாயைத் தொறக்குது, பேசுங்க, பேசுங்க!"

வாத்தியார் பழப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஒரே பேச்சுதான் வந்தது. "அதாவது, ஒரு ரயில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம்..."

பிராணி கடிகாரத்தை எடுத்துப் பார்த்துத் தலையை ஆட்டியது. வாய் அப்படியே பொருந்தியது! பட்டாசு கைதட்டினாள். "அதெல்லாம் சரி சார், ரயில் எப்ப வரும்?" என்றாள் சிறுமியாக. "எதிர்த் திசையில் வீசும் காற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், வராது," என்றார் வாத்தியார். அவர் குரலில் இப்போது ஒரு கம்பீரமே வந்துவிட்டது. பழப்பையை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. அண்ணனின் கட்டை விரல் அவருக்கும் உயர்ந்தபோது, பரீட்சையில் தேறியவர் போல முகம் மலர்ந்துபோனார்.

ஊசி போட வந்த நர்ஸையும் பட்டாசு விடவில்லை. "அக்கா, நான் பிரஷர் பாக்கணும்க்கா," என்று அவள் சிணுங்கச் சிணுங்க, டிக்கெட் கொடுக்கிற நத்தையின் குரலை அவள் தலையில் கட்டினாள். ஒரு கையால் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டே நத்தை பேசியது: "வரிசையில வாங்க. தள்ளாதீங்க. எல்லாருக்கும் இருக்கு." வரிசையில் சிறுமி ஒருத்திதான் நின்றாள். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. சாவு நெருங்கிய வீடு என்று எவனாவது தெருவில் நின்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பட்டாசுக்கே ஒரு நிமிஷம் அது மறந்துவிட்டது. மறந்தது என்று உணர்ந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. குற்றவுணர்ச்சி எல்லாம் வரவில்லை.

படத்தில் மழை பிடித்துக்கொண்டது. ரயில் வராது என்று ஆனதும், நிலையத்துக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் பிராணி அந்தச் சிறுமியைக் கூட்டிக்கொண்டு போனது. பூட்ஸுக்குள் தண்ணீர் தளும்பத் தளும்ப அவள் உள்ளே நுழைந்தாள். கரண்டியோடு ஒரு வயதான அம்மாள் திரும்பினாள்.

பட்டாசு மூச்சு வாங்கினாள். எல்லாருக்கும் ஆள் ஆகிவிட்டது. இந்த அம்மாளுக்கு யார்? அண்ணனின் சுட்டுவிரல் போர்வைமேல் மெல்ல நகர்ந்து, தன் கால்மாட்டைக் காட்டியது.

"நானா?" என்றாள் அண்ணி. "எனக்கு இந்தக் கூத்தெல்லாம் வராது. உங்க தங்கச்சியே பேசட்டும்."

விரல் அசையவில்லை. அங்கேயே நீட்டிக்கொண்டு நின்றது.

திரையில் அந்த அம்மாள் கரண்டியை ஓங்கி வாயைத் திறந்துவிட்டாள். அண்ணிக்கு யோசிக்க நேரமில்லை. இருபது வருஷமாக வேலை முடிந்து வருகிற புருஷனிடம் வாசலில் என்ன சொன்னாளோ அதுதான் வாயில் வந்தது. "இவ்வளவு நேரமா வர்றதுக்கு? சாப்பாடு ஆறி அலங்கோலமாக் கிடக்கு. ஈரத்தோட உள்ள வராதே, தலையைத் துவட்டு மொதல்ல. உடம்புக்கு ஒண்ணுன்னா யாரு பாக்குறது? நான்தானே பாக்கணும்!"

ஒரு எழுத்து பிசகவில்லை. அந்த அம்மாள் கரண்டியால் அடுப்பைத் தட்டியபோது 'நான்தானே' சரியாக விழுந்தது. அண்ணன் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் இந்தக் குரலை சமையலறையிலேயே விட்டுவைத்திருந்தோமே, ஒரு தடவையாவது கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தோமா என்று பட்டாசுக்கு வலித்தது. அண்ணனோ கட்டை விரலை உயர்த்தவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் அதைக் கவனியாதவள் போல, "என்ன பார்வை? படத்தைப் பாருங்க," என்றாள்.

பிராணி சிறுமியின் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்த இடத்தில் படம் நின்றது. திரை நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"நெட் போச்சு!" என்று அண்ணன் மகள் எழுந்து ஓடினாள். வாத்தியார் தன் போனிலிருந்து தருகிறேன் என்று மாடிக்கு ஓடினார். பட்டாசு வட்டத்தையே முறைத்துக்கொண்டு, கற்றுக்குட்டி டிரைவரைத் திட்டுவது போல, "எடு, எடு, கிளட்சை விடு, எடுடா!" என்று டிவியைத் திட்டினாள். நர்ஸ் அவள் தோளைத் தொட்டு, நடைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். இப்போது நத்தைக் குரல் இல்லை.

"அக்கா, முட்டி வரைக்கும் ஜில்லுன்னு ஆயிடுச்சு. மூச்சு விட்டு விட்டு வருது. ரொம்ப நேரம் இல்லக்கா. யாருக்காவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க."

"படம் முடியிற வரைக்கும்?"

நர்ஸ் அவளைப் பார்த்தாள். அதட்டவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"பாதிதான் ஆயிருக்கு."

நர்ஸ் கட்டில் பக்கம் திரும்பிப் போனாள். பட்டாசு சுவரில் சாய்ந்து நின்றாள். சொல்லவேண்டியவர்கள் எல்லாரும் அந்தக் கூடத்திலேயே இருக்கிறார்கள். வாயைத் திறந்து பேசக்கூட முடியாமல் கிடக்கிறவனுக்கு ஒரே ஒரு படம், அதையும் முழுசாகக் கொடுக்க முடியவில்லையே என்று அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதை வேண்டுமென்றே விழுங்கினாள். அழுதால் குரல் கெட்டுப்போகும். சிறுமிக்கு யார் பேசுவது?

அண்ணன் மகள் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். "அத்தை, நெட் வந்துடுச்சு. கடைசிக்குத் தள்ளிடலாம். அந்தப் பொண்ணு போய்ச் சேருதான்னாவது அப்பா பாத்துடட்டும்."

நல்ல யோசனைதான். முடிவையாவது பார்த்துவிட்டுப் போகட்டும். பட்டாசு ரிமோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கட்டிலருகே வந்து குனிந்தாள்.

"அண்ணே. நேரா கடைசிக்குப் போயிடலாமா? அந்தக் குட்டி ஊர் போய்ச் சேர்ற இடத்துக்கு?"

அவன் கண்கள் அவளுக்குத் திரும்பின. எல்லாம் தெரிந்த கண்கள். எதற்காகக் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்று அவளுக்கும் தெரிந்தது. சுட்டுவிரல் இடமும் வலமும் ஒருமுறை ஆடியது. பிறகு திரையைக் காட்டியது. அந்தப் பெருச்சாளியோ கரடியோ, சிறுமியின் பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டுகிற இடத்தில் படம் உறைந்து நின்றிருந்தது. அங்கிருந்தே போடு என்றது விரல்.

"சரிண்ணே," என்றாள் பட்டாசு. எப்படித்தான் தள்ளிவிடலாம் என்று நினைத்தோம் என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. முடிவைப் பார்க்கவா இந்தப் படங்களை அவன் பார்த்தான்? "அங்கிருந்தே பாக்கலாம்."

படம் ஓடியது. கடைக்காரம்மாள் தூங்கப் போய்விட்டாள். ஜாடிக்குள் மேகமும் தூங்கியது. சிறுமி அடுப்புப் பக்கம் சுருண்டு கிடந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பெரிய பிராணி மட்டும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அவளுடைய சின்ன சாக்ஸைப் பிழிந்தது. மூக்கின் அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தது. மறுபடி பிழிந்தது. எழுந்து, அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் தொங்கவிட்டது. பிறகு தன் சாக்ஸைக் கழற்றியது. இரண்டு தலையணை உறை அளவுக்கு இருந்தன அவை. அவற்றையும் பிழிந்து, சின்ன சாக்ஸுக்குப் பக்கத்தில், அதன்மேல் சொட்டாதபடி கொஞ்சம் தள்ளிப் போட்டது. அதோடு வேலை முடிந்தது. முக்காலியில் உட்கார்ந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

யாரும் பேசவில்லை. பேச்சில்லாத காட்சி. வாத்தியார் மாடியிலிருந்து வந்து கதவோரமே நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் அந்தச் சாக்ஸ் சொட்டியது என்று யாருக்கும் தெரியாது. பட்டாசு இமைக்காமல் பார்த்தாள். என்ன ஒரு காட்சி! ஒரு கதையும் இல்லை, ஒரு வம்பும் இல்லை, யாரோ யாருக்கோ துணி காயப்போடுகிறார்கள், நெஞ்சு அப்படியே நிறைந்துவிடுகிறது. இதை யார் உட்கார்ந்து வரைந்திருப்பார்கள்? நன்றாக இருப்பார்கள் அவர்கள். அண்ணனைத் திரும்பிப் பார்த்து 'எப்படி!' என்று கேட்கவேண்டும் போலிருந்தது. இந்த நேரத்தில் திரும்பினால் அவனுக்குப் பிடிக்காது என்று பார்வையைத் திரையிலேயே வைத்துக்கொண்டாள்.

திரையில் விடிந்தது. மழை விட்டிருந்தது. தூரத்தில் ரயிலின் புகை தெரிந்தது. சிறுமி துள்ளி எழுந்து, கயிற்றிலிருந்து சாக்ஸைப் பிடுங்கி, பூட்ஸுக்குள் காலை நுழைத்து, ஜாடியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பட்டாசின் கால் தரையை அழுத்தியது. கடைக்காரம்மாள் கரண்டியோடு பின்னாலேயே ஓடி வந்து, வாசலில் நின்று, வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

"அண்ணி! உங்க டயலாக்!" பட்டாசு உற்சாகத்தோடு திரும்பினாள். "பேசுங்க, பேசுங்க, வாயைத் தொறந்துட்டாங்க பாருங்க!"

அண்ணி கால்மாட்டில் இல்லை. எப்போது எழுந்து போனாள் என்று தெரியவில்லை, தலைமாட்டில் இருந்தாள். அவள் உள்ளங்கை அண்ணனின் நெற்றியில் இருந்தது. அவன் கண்கள் பாதி திறந்தபடி திரைப்பக்கமே இருந்தன. நர்ஸ் நாடி பார்த்துக்கொண்டிருந்த அவன் கையை மெதுவாகப் போர்வைமேல் வைத்தாள். பிறகு டிவியை நிறுத்த எழுந்தாள்.

"இருக்கட்டும். ஓடட்டும்," என்றாள் அண்ணி.

கடைக்காரம்மாள் இன்னும் வாசலில்தான் நின்றாள். கையை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அண்ணி திரையைப் பார்த்தாள். உள்ளங்கையை நெற்றியிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

"கெளம்பியாச்சா? சாக்ஸ் இன்னும் காயவே இல்லையே."

நடைமேடையில் சிறுமி நின்று திரும்பினாள். வாய் திறந்தாள். பட்டாசுக்குக் கண்ணில் எதுவும் தெரியவில்லை, ஆனால் வாய் திறந்தது மட்டும் தெரிந்தது. அவள் பிந்தவில்லை.

"பரவால்ல," என்றாள். "போற வழியில காஞ்சிடும்."

சிறுமி கையசைத்துவிட்டு ரயிலில் ஏறினாள். ரயில் போன பிறகு வெகுநேரம் நடைமேடையைத்தான் காட்டினார்கள். வாசலிலிருந்து தண்டவாளம் வரை சின்னச் சின்னதாக ஈரக் கால்தடங்கள். வெயில் வந்து ஒவ்வொன்றாக உலர்த்திக்கொண்டிருந்தது. பேச்சில்லாத காட்சி என்பதால் யாரும் பேசவில்லை.